கொடிக்கு ஏது பட்டா?

பொது இடங்களில் கட்சி, சாதி, மத அமைப்புகள் நட்டுள்ள நிரந்தரக் கொடிக்கம்பங்களை 12 வாரங்களுக்குள் அகற்றவேண்டும் என்று 2025 ஜனவரி 27ல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வேண்டுமானால் சொந்தப் பட்டா நிலத்தில் நட்டுக்கொள்ளலாமாம்!

மில் முதலாளிக்குப் பட்டா உண்டு. மிராசுதாருக்கும் உண்டு. வாடகை லைன் வீட்டுத் தொழிலாளிக்கும் புறம்போக்குக் குடிசையில் வாழும் விவசாயத் தொழிலாளிக்கும் ஏது பட்டா? தெருமுனைக் கம்பத்தடிதானே அவர்களுடைய சங்க ஆபீஸ்!

வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களிடம் மிராசுதார்கள் சொன்னது என்ன? செங்கொடியை இறக்கு, எங்கள் நெல் உற்பத்தியாளர் சங்கக் கொடியை ஏற்று என்றார்கள். தொழிலாளிகள் மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

போக்குவரத்தை மறிக்கும் கம்பத்தை எடுக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நிற்கும் கம்பத்தில் ஏன் கை வைக்கவேண்டும்?