ஸ்பேஸ் கேமில் மேப் ஏன் இருட்டாக இருக்க வேண்டும்?

அவிநாசி வேறு, அவிநாசிபாளையம் வேறு. தேசிய நெடுஞ்சாலை 381-இன் ஒரு முனை அது, மறுமுனை இது, நடுவில் திருப்பூர். போனில் பெயரைப் பாதி டைப் செய்துவிட்டு முதலில் வந்ததைத் தொட்டால், நூல் லோடு தப்பான முனைக்குப் போய் நிற்கும். சரியாக டைப் செய்தாலும் மேப் சொல்வது ரோட்டைத்தான். எந்த நிட்டிங் யூனிட்டில் இன்னைக்கு ராத்திரி மெஷின் காலியா இருக்கு, எந்த டையிங்கில் துணி தேங்கிக் கிடக்கு என்பதெல்லாம் அதில் வராது. ஆள் போய்ப் பார்க்கணும், இல்லைன்னா போன் அடிச்சுக் கேட்கணும்.

ஸ்பேஸ் ஸ்ட்ராடஜி கேம் விளையாடுபவர்களிடையே ஓயாமல் நடக்கும் சண்டையும் இதைப் பற்றியதுதான். மொத்த கேலக்ஸியையும் ஆரம்பத்திலேயே காட்டிவிடலாமா, இல்லை, கப்பல் போய்ப் பார்த்த இடம் மட்டும் தெரிந்தால் போதுமா? ‘எதுக்குங்க இருட்டுல தடவ விடறீங்க?’ என்பது ஒரு தரப்பு. ஷிஃப்ட் முடிந்து வந்து அரை மணி நேரம் விளையாடுகிறவர் கேட்கும்போது அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் இருட்டு வேண்டும். எந்த மாதிரி இருட்டு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கேமர்கள் இதை ‘ஃபாக் ஆஃப் வார்’ என்பார்கள். 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட்டை எடுத்துக்கொண்டால், மேப்பில் மூன்று நிலை உண்டு. போகாத இடம் கறுப்பு. நம் ஆள் நிற்கும் இடம் வெளிச்சம். ஒருமுறை போய்விட்டுத் திரும்பிய இடம் மங்கல். இந்த மூன்றில் ஆபத்தானது கறுப்பு இல்லை, மங்கல்தான். கடைசியாகப் பார்த்த எதிரிக் கட்டடம் அங்கே அப்படியே நிற்கும். பக்கத்தில் புதிதாக நாலு முளைத்திருந்தாலும் காட்டாது. தெரியும் என்ற நினைப்பில் போய் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைக்கவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் பெரும்பாலான இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, வருஷக்கணக்காகப் பழகிய மார்க்கெட் ஒரே மாதத்தில் வேறு மார்க்கெட் ஆனது. போகாத ஊரில் ஏற்பட்ட அடி இல்லை அது. நன்றாகத் தெரிந்த ஊரில் விழுந்த அடி.

அடுத்தது, பார்ப்பதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். ஸ்டார்கிராஃப்ட் 2-இல் டெர்ரன் அணிக்கு ஒரு வசதி உண்டு: 50 எனர்ஜி செலவழித்தால் மேப்பில் எந்த மூலையையும் சில விநாடி எட்டிப் பார்க்கலாம். அதே 50 எனர்ஜிக்கு, கனிமத்தை வேகமாக வெட்டித் தரும் மெஷின் ஒன்றையும் இறக்கலாம். பார்ப்பதா, சம்பாதிப்பதா? இரண்டில் ஒன்றுதான். ஒரே ஒரு பட்டனில் இவ்வளவு பெரிய முடிவை வைத்தது கெட்டிக்காரத்தனம்.

2016-இல் வந்த ஸ்டெல்லாரிஸ் இதையே நிதானமாகச் செய்கிறது. ஆட்டம் தொடங்கும்போது கையில் ஒரே ஒரு அறிவியல் கப்பல். ஒவ்வொரு நட்சத்திர மண்டலமாகப் போய் சர்வே செய்த பிறகுதான் அங்கே நிலையம் கட்ட முடியும். அவசரப்பட்டுத் தூரமாக அனுப்பினால் கப்பலும் போகும், அதில் இருக்கும் விஞ்ஞானியும் போவார்.

நிஜ விண்வெளியில் இதைவிடச் சிக்கனம். சந்திரயான்-3 இறங்கும் இடத்தைத் தேர்வு செய்ய, 2019 முதல் நிலாவைச் சுற்றிவரும் சந்திரயான்-2 ஆர்பிட்டரின் படங்கள் உதவின. கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் துல்லியம் கொண்ட கேமரா அது. மேப் கையில் இருந்தது என்றே சொல்லலாம். ஆனால் தரையில் இறங்கிய பிரக்யான் ரோவருக்கு அது போதவில்லை. அதன் கேமரா படங்களைப் பூமிக்கு வரவழைத்து, மேடு பள்ளத்தைக் கணக்கிட்டு, பிறகுதான் ‘நகரு’ என்று கட்டளை போனது. அந்தக் கணக்கு 5 மீட்டர் தூரத்துக்குத்தான் கிடைக்கும் என்பதால், ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் 5 மீட்டர். திட்ட இயக்குநரான விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் சொன்ன விவரம் இது. 2023 ஆகஸ்ட் 27 அன்று, 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று 3 மீட்டர் முன்னால் தெரிந்தது. வந்த வழியே திரும்பச் சொன்னார்கள். மொத்தப் பயணமே சுமார் 100 மீட்டர்தான், நம்ம ஊரில் டீக்கடைக்குப் போகிற தூரம். அதை நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

‘ஆடு புலி ஆட்டத்துல எல்லாக் காயும் கண்ணுக்குத் தெரியுதே, அதுல சுவாரசியம் இல்லையா?’ என்று கேட்கலாம். இருக்கிறது. அது சின்னக் கட்டம். மொத்தத்தையும் ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களை ஆறு அங்குல ஸ்கிரீனில் ஒரே நேரத்தில் கொட்டினால், புதிதாக வருபவர் எதைத் தொடுவது என்று தெரியாமல் கேமையே அழித்துவிடுவார். நாலு நட்சத்திரம் தெரிந்தால் நாலைக் கற்றுக்கொள்வார். பிறகு எட்டு. அந்த வகையில் இருட்டு புதியவருக்கு உதவிதான்.

குறை இல்லாமல் இல்லை. ஆட்டம் பாதி தாண்டிய பிறகும் ஒவ்வொரு கப்பலையும் கையால் தட்டித் தட்டி அனுப்ப வைப்பது வெறும் கூலி வேலை. அந்தக் கட்டத்தில் கப்பல் தானாகவே தேடிப் போகும் வசதி வேண்டும். அதைவிட மோசம், இருட்டைக் கடைச் சரக்காக்குவது. திரையை விலக்க கப்பலுக்குப் பதில் யுபிஐ போதும் என்றால், அங்கே மறைத்து வைத்திருப்பது கேலக்ஸியை இல்லை, பில்லை. 50 எனர்ஜி கொடுத்துப் பார்க்கிறவர் ஆட்டத்துக்குள் எதையோ இழக்கிறார். எதிராளிக்கும் அதே விதி. 50 ரூபாய் கொடுத்துப் பார்க்கிறவர் ஆட்டத்துக்குள் எதையும் இழக்கவில்லை. அவரை எதிர்த்து ஆடுகிற, காசு போடாத பையன்தான் இழக்கிறான்.

புது கேம் இறக்கினால் முதல் பத்து நிமிடத்தில் ஒரு ஸ்கவுட்டைத் தூரமாக அனுப்பிப் பாருங்கள். அது திரும்பி வராமல் போனால் பரவாயில்லை, இன்னொன்றை அனுப்பலாம். அது கிளம்புவதற்கு முன்பே ‘ரீசார்ஜ்’ பட்டன் வந்து நின்றால் அன்இன்ஸ்டால் செய்துவிடலாம்.