பாம்படம் கண்டு சிரிக்கலாமா?

"பொன் ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்வார் உண்டோ?" என்று பெரியோர் கேட்பதுண்டு. கண்ணுக்குச் சொன்ன நியாயம் காதுக்கும் பொருந்தும் அன்றோ? காதுக்காக நகையா, நகைக்காகக் காதா என்ற கேள்வியை இவ்வாண்டு மலரில் தோழியர் முன் வைக்கிறோம். அதற்குக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்ல எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

சென்ற ஆண்டு பெற்றோர் தினத்தன்று எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஆச்சி வந்திருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பவர். தோளைத் தொடும் அவருடைய காதுகளில் நகை ஏதும் இல்லை. வெறும் சதை வளையங்களாக அவை ஆடின. நாங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தோம். ஆச்சி முந்தானையை இழுத்துக் காதுகளை மூடிக்கொண்டார். விழா முடியும் வரை அந்தக் கை இறங்கவே இல்லை. அக்காதுகளில் கிடந்த பாம்படத்தை விற்றுத்தான் தோழியின் அக்காளை நர்சு படிப்பில் சேர்த்தார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

இரும்பையிலும் உப்பளத்தை ஒட்டிய ஊர்களிலும் வளர்ந்த எங்களில் பலருக்குப் பாம்படம் என்ற சொல்லே புதிது. மன்னிப்புக் கேட்கச் சென்ற இடத்தில் ஆச்சியே விளக்கினார். பச்சிளம் பருவத்தில் காது குத்தி, முதலில் பஞ்சுத் திரியைச் செருகுவார்களாம். அடுத்தது பனையோலைச் சுருள். சுருட்டிய ஓலை விரியப் பார்க்கும்; துளையும் உடன் விரியும். பின்னர் ஈயக் குணுக்கைத் தொங்கவிடுவார்கள். அதன் பாரத்தில் காது நீளும். அப்படி வளர்த்த காதில்தான் தண்டட்டியும் பாம்படமும் ஏறும். மேல்காதில் கொப்பும் முருகும் இடம்பெறும். பாம்படம் முழுப் பொன் அன்று. பொன் தகட்டுக்குள் அரக்கை நிரப்பிச் செய்தது.

மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளில் பல சாதிப் பெண்களும் இப்படிக் காது வளர்த்தார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பாட்டிமார் மேல்காதில் குணுக்கு அணிந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மக்களும் காதை விரித்தவர்களே. பெரு நாட்டு இன்கா பிரபுக்களின் பெரிய காதுகளைக் கண்ட ஸ்பானியர் அவர்களைப் 'பெருங்காதர்' என்றே அழைத்தனர். ஆகவே இதை நாகரிகம் அறியாதவர் செயல் என்று தள்ளுவது நம் அறியாமையையே காட்டும்.

அதற்காகப் பழையன எல்லாம் பொன் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. காது வளர்த்த குழந்தையை யாரும் கேட்கவில்லை. துளை புண்ணாகி அழுத அழுகைக்குக் கணக்கில்லை. அறுந்த காதுகளும் உண்டு. விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் வருகிறது. என்றும் தலைவனிடமே இருப்பேன் என்று சொல்லும் அடிமையின் காதை, கதவருகே நிறுத்தித் தலைவன் கம்பியால் துளைக்க வேண்டும். அங்கே துளைத்த காது, அவன் பிறருக்கு உரியவன் என்பதன் அடையாளம்.

காலம் மாறியது. நீண்ட காது பட்டிக்காட்டு அடையாளம் என்று ஏளனம் பிறந்தது. பெண்கள் பலர் வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். வளர்த்தபோதும் ஊருக்காக, அறுத்தபோதும் ஊருக்காக! இரண்டு முறையும் காதுக்கு உரியவளின் விருப்பம் பின்னால் நின்றது என்பதே எங்கள் வருத்தம்.

இன்று வேறொரு விந்தை காண்கிறோம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் 1968-இல் தொடங்கிய ஆரோவில்லுக்கு உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அவர்களில் சிலர் காதை விரித்து மரத்தட்டும் கண்ணாடிக் குழலும் அணிந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்ததில்லை, வியந்தோம். அயல்நாட்டார் காதில் இருந்தால் பேஷன், ஆச்சியின் காதில் இருந்தால் கேலியா? இது என்ன நியாயம், தோழியரே?

இனி நாம் நகையைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது பாரம். கனத்த ஜிமிக்கியை நாள்தோறும் அணிந்தால் துளை கீழிறங்கிக் கீறலாகும். விழா நாளில் அணிவதானால் மாட்டல் போட்டுப் பாரத்தைக் கூந்தலுக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். உறங்கும்போது கழற்றிவிட வேண்டும். அடுத்தது உலோகம். கவரிங் தோட்டின் உள்ளே இருப்பது செம்போ பித்தளையோதான். உப்பங்காற்றும் வியர்வையும் பட்டு மேற்பூச்சு தேய்ந்தால் பச்சை பூக்கும். நிக்கல் கலந்த நகை பலருக்கு அரிப்பும் புண்ணும் உண்டாக்கும்.

துளையைப் பெரிதாக்க விரும்புவோர், தாமே முடிவு செய்யும் வயது வரும் வரை பொறுத்திருப்பது நல்லது. அளவை அவசரமாக ஏற்றக் கூடாது. ஒவ்வோர் அளவும் நன்றாக ஆறிய பின்னரே அடுத்த அளவு. வலியோ இரத்தமோ கண்டால் நிறுத்திவிட வேண்டும். பத்து மில்லிமீட்டரைத் தாண்டிய துளை பழையபடி சுருங்குவது அரிது. புதிதாக விரிந்த துளைக்கு வழவழப்பான டைட்டானியமோ கண்ணாடியோ ஏற்றது. மரமும் கொம்பும் ஈரத்தை உறிஞ்சுவதால், முழுவதும் ஆறிய காதுக்கே அவை ஆகும்.

புண்ணைக் கழுவ உப்பு நீர் நல்லது என்று கேட்டு, எங்களில் ஒருத்தி அப்பா வேலை செய்யும் பாத்தியிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளிக் கரைத்தாள். காது வீங்கி ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. பாத்தி உப்பில் மண்ணும் பிற உப்புகளும் கலந்திருக்கும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு ஒன்பது கிராம் தூய உப்பு போதும். மிகுந்தால் அதுவே எரிக்கும். சீழ் கண்டால் கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் செல்ல வேண்டும். அறுந்த காதையும் இன்று மரத்துப்போகும் ஊசி போட்டு எளிதில் தைத்துச் சீராக்குகிறார்கள்.

எங்கள் இரும்பைக்கு ஒரு பழங்கதை உண்டு. கோயிலில் ஆடிய பெண்ணின் காற்சிலம்பு கழன்று விழ, கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் அணிவித்தாராம். கண்டவர்கள் கைகொட்டிச் சிரித்தார்களாம். சித்தர் மனம் நொந்து பாட, லிங்கம் வெடித்தது, மண்ணும் வறண்டது என்பார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஒரு நகையைக் கண்டு சிரித்த சிரிப்புக்கு ஊரே விலை கொடுத்தது என்ற கருத்தை மட்டும் நாங்கள் மறக்க மாட்டோம்.

இவ்வாண்டுப் பெற்றோர் தினத்துக்கு ஆச்சியை நாங்களே நேரில் சென்று அழைத்திருக்கிறோம். "மூளிக் காதோடு எப்படி வர, தாயி?" என்றார். "எங்கள் முன்வரிசையில் உங்களுக்கு இடம் வைத்திருக்கிறோம், ஆச்சி" என்றோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.