முகச்சாயல் உறவாகாது

ஆங்கிலத்தில் தீவைக் குறிக்க ‘ஐல்’, ‘ஐலண்ட்’ என்று இரு சொற்கள் உண்டு. இரண்டாவது முதலாவதன் நீட்சி என்றே எவருக்கும் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் பிறப்பால் தொடர்பில்லை. ‘ஐல்’ இலத்தீனின் ‘இன்சுலா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘ஐலண்ட்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அதன் பழைய வடிவத்தில் ‘எஸ்’ என்ற எழுத்தே கிடையாது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில், ‘ஐல்’ என்பதன் இனமென்று கருதி அவ்வெழுத்தை இடையில் நுழைத்துவிட்டார்கள். ஒலிக்கப்படாத அந்த எழுத்தை உலகம் முழுவதும் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ‘கேஷ்’. அது நம் ‘காசு’தான் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ இரண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, பெட்டி என்று பொருள்படும் ‘கப்ஸா’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பணப்பெட்டியின் பெயர் பின்னர் பணத்துக்கே ஆயிற்று. கீழைநாட்டுச் சிறு நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு. அதுவே போர்த்துக்கீசியர் வாய்ப்பட்டுச் சென்ற நம் காசு. சென்னை மாகாணத்துக்கென 1803இல் இங்கிலாந்தில் அடிக்கப்பட்ட செப்பு நாணயத்தில் ‘இருபது கேஷ்’ என்று பொறித்திருந்தார்கள். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியும் நாணயப் பெயரின் மூலமாகத் தமிழ்க் காசையே சுட்டுகிறது.

உருவில் ஒன்றான இவற்றை எப்படிப் பிரித்தறிவது? காலத்தில் பின்னோக்கிச் செல்வதே வழி. மெய்யான உறவாயின் பழைய வடிவங்கள் நெருங்கிவரும். தற்செயல் ஒற்றுமையாயின் விலகிப்போகும். ‘எட்டு’, ‘எய்ட்’ என்ற இணையை எடுத்துக்கொள்வோம். ‘எய்ட்’ ஜெர்மனில் ‘ஆஹ்ட்’, இலத்தீனில் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. தமிழ் எட்டுக்கோ அடிச்சொல் ‘எண்’. எண்பதும் எண்ணூறும் அதற்குச் சான்று. ‘ஆக்டோ’வுக்கும் ‘எண்’ணுக்கும் என்ன ஒற்றுமை? ‘ஒன்று’, ‘ஒன்’ இணையும் அப்படியே. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. இன்று முதலில் கேட்கும் வகர ஒலி பிற்காலத்தில் வந்து ஒட்டியது. அதன் இனமான ‘அலோன்’ என்ற சொல்லில் அவ்வொலி இன்றும் இல்லை.

இதன் மறுதலையும் உண்டு: சாயலே இல்லாத உறவு. இலத்தீனின் ககரத்துக்கு நேராக ஆங்கிலத்தில் சொல்முதலில் ஹகரம் நிற்கும் என்பது, யாக்கோப் கிரிம் 1822இல் விளக்கிய ஒலிமாற்ற விதிகளுள் ஒன்று. இலத்தீன் ‘கொர்னு’ ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’ என நிற்பது இவ்வாறே. எனவே உடைமையைக் குறிக்கும் ‘ஹேவ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, பொருளும் ஒலியும் ஒத்திருக்கும் இலத்தீன் ‘ஹபேரே’ உறவன்று. பற்றுதலைக் குறிக்கும் ‘கப்பெரே’தான் உறவு. மேலே சொன்ன ‘கப்ஸா’வும் அந்தக் ‘கப்பெரே’யின் வழிவந்ததே. ஆக, ‘ஹேவ்’ என்பதும் ரொக்கமான ‘கேஷ்’ என்பதும் தூரத்து உறவினர். காதை மட்டும் நம்புகிறவர் இந்த உறவை ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டார்.

இதையெல்லாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு ஆங்கிலச் சொற்களைத் தமிழிலிருந்து வருவிக்கும் ஆர்வம் நம்மிடையே குறைந்தபாடில்லை. மொழிப்பற்றில் பிறந்த ஆர்வம்தான். ஆனால் அது தமிழுக்குத் தீங்கே செய்கிறது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதியில் ஏறியது ஐயத்துக்கிடமில்லாத வரலாறு. நம் மீனவர்களும் வணிகர்களும் சமையற்காரர்களும் அந்நியரோடு பழகியதன் தடயங்கள் அவை. அவற்றின் அருகில் ‘எய்ட்’டையும் ‘ஒன்’னையும் கொண்டுபோய் நிறுத்தினால், கேட்பவர் கட்டுமரத்தையும் சேர்த்தே சந்தேகிப்பார். பொய்ச்சாட்சியால் மெய்வழக்கும் தோற்கும். நாணயக் ‘கேஷ்’ நம்முடையது. அதை உரக்கச் சொல்வோம். ரொக்கக் ‘கேஷ்’ நம்முடையதன்று என்பதையும் அதே குரலில் சொல்லும்போதுதான் முன்னதை மற்றவர்கள் நம்புவார்கள்.