ரத்தத்துக்கு ஒரு அட்டை

கல்யாணத்துக்கு முன்னால் அட்டையை ஒத்துப் பாருங்கள் என்கிறார்கள். ஜாதகக் கட்டம் போதாதென்று ரத்தத்துக்கும் ஒரு கட்டம். எங்கள் கல்யாணம் அட்டைக்கு முந்தியே முடிஞ்சு போச்சு. நான் நீலகிரி இருளர் பெண். எனக்கும் அவருக்கும் அரிவாள் செல் மரபுக்கூறு இருக்கிறது. எங்களுக்கு நோய் இல்லை, சுமக்கிறோம், அவ்வளவுதான். பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நாலு பெத்தா ஒண்ணு என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு தடவையும் ரெண்டு காசைச் சுண்டணும், ரெண்டுமே பூ விழுந்தா நோய்.

மலேரியாவோடு வாழ்ந்த சனங்களிடம் தங்கிப்போன கூறு இது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் கொடுங்காய்ச்சலில் பிழைக்க வைக்கும், ரெண்டு பக்கமும் வந்தால்தான் வினை. இந்தியாவில் இது முதலில் பதிவானதே 1952-ல், நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில்தான். அரசின் ஒழிப்பு இயக்கம் வந்தது 2023-ல். நடுவில் 71 வருஷம். அந்த நடுவில் என் தம்பி 16 வயசில் செத்தான். எலும்பு நொறுங்குதுன்னு கத்தினவனைக் 'குடிச்சுட்டு நடிக்கிறான்' என்று ஓர் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள்.

2047-க்குள் ஒழிப்பார்களாம், 7 கோடிப் பேரைச் சோதிப்பார்களாம். எதை ஒழிப்பது தோழர்களே? ரத்தம், ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, வலிக்கு மருந்து, ராத்திரியில் மலையிறங்க வண்டி, இதெல்லாம் கொடுத்து வலியை ஒழிக்கலாம். எங்க பிள்ளைங்க பொறக்காமல் பார்த்தும் ஒழிக்கலாம். ரெண்டாவதுக்குச் செலவு கம்மி. 1975-77 அவசரநிலையில் குடும்பக்கட்டுப்பாட்டுக் கத்தி ஏழை சனங்களை எப்படித் தேடி வந்தது என்பதை மறக்க முடியுமா?

அமெரிக்காவில் 1970-களில் கறுப்பின மக்களைச் சோதித்து, கூறு மட்டும் இருந்தவர்களுக்கே வேலையும் காப்பீடும் மறுத்தார்கள். அதே காலத்தில் கருஞ்சிறுத்தைகள் தங்கள் மக்களுக்குத் தாங்களே சோதனை நடத்தினார்கள். ஊசி ஒண்ணுதான், கைதான் வேற. நானும் சோதனை வேண்டாம்னு சொல்லவில்லை.

இன்னொண்ணு. ஒரே வட்டத்துக்குள் கட்டிக்கொண்டே இருந்தால் ஒரே கூறு ரெண்டு பக்கமும் இருக்கிற வாய்ப்பு கூடும். விதர்பாவின் மகர்களிடமும் இந்த நோய் உண்டு. அகமணம்தான் சாதியைக் காப்பாற்றுகிறது என்று அம்பேத்கர் 1916-லேயே எழுதியாச்சு. அட்டை பார்த்துக் கட்டச் சொல்கிறவர்கள் சாதியை விட்டுக் கட்டு என்று சொல்லக் காணோமே!

பிள்ளையைத் தத்தெடுப்போம் என்கிறார் அவர். 'அப்ப உன் தம்பி பொறந்திருக்கவே வேண்டாம்ங்கிறியா?' என்கிறாள் அம்மா. அவன் சிரிச்ச சிரிப்பையெல்லாம் நோய்க் கணக்கில் எழுதிவிட எனக்கும் மனசில்லை. அவன் துடிச்ச துடிப்பை இன்னொரு பிள்ளைக்குத் தரவும் மனசில்லை.

நான் பெத்துக்கத்தான் போறேன். 11, 12 வாரத்திலேயே கருவைச் சோதித்துச் சொல்லிவிட முடியும். அதற்கப்புறம் என்ன என்பதை நானும் அவரும் பேசிக்கொள்வோம், மூணாவது ஆள் வேண்டாம். அந்தச் சோதனைக்கு மலையிறங்க பஸ் காசும் ரெண்டு பேர் கூலியும் யார் தருவது? அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அது மட்டும் எழுதியிருக்கவில்லை.