ஸ்டேட் என்னும் ஒரு சொல்

ஆங்கிலம் துல்லியமானது, தமிழ் மழுப்பும் என்று சொல்லும் விமர்சக நண்பர்கள் காரைக்கால் பகுதியிலுள்ள போலகத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. 1962-இன் பதினான்காவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் யூனியன் பிரதேசம். அங்கிருப்பவனை ஆள அரசு உண்டு. அவனுக்கு மாநிலம் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டும் 'ஸ்டேட்'. மனநிலையும் அதே 'ஸ்டேட்'. 1897-ஆம் வருஷத்து ஜெனரல் கிளாசஸ் சட்டமோ, திருத்தங்களுக்குப் பின், யூனியன் பிரதேசத்தையும் 'ஸ்டேட்'டில் சேர்க்கிறது. ஆக, ஸ்டேட்டில் இருந்துகொண்டே ஸ்டேட் அந்தஸ்து கேட்கிறான் அவன்! தமிழில் இந்தக் கேலிக்கூத்துக்கு இடமில்லை. அரசு, மாநிலம், நிலை என்று மூன்று சொற்கள். கிடைத்தது எது, மறுக்கப்பட்டது எது என்று தெளிவாகக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் 'அரசு' என்றே எழுதிவிட்டுத் தமிழில் வார்த்தை இல்லை என்றால், அது மொழியின் வறுமை அல்ல, எழுதுகிறவரின் சோம்பல்.