டீக்கடையில் 10 ரூபாய்க்கு வைஃபை... கடைக்காரருக்குக் கட்டுப்படியாகுமா? | பி.எம்-வாணி எக்ஸ்ப்ளெய்னர்

எஸ்.டி.டி, ஐ.எஸ்.டி, பி.சி.ஓ என்று மஞ்சள் போர்டு வைத்த பூத்களைப் பற்றி உங்கள் அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டில் போன் இல்லாத காலத்தில் தெருவுக்கே போன் அதுதான். பேசுபவருக்கு அவசரத்துக்கு உதவி, பூத் வைத்திருப்பவருக்கு கமிஷன்.

அதே ஃபார்முலாவை இன்டர்நெட்டுக்கும் கொண்டுவரும் திட்டம்தான் பி.எம்-வாணி. பெட்டிக்கடை, டீக்கடை, மெடிக்கல் ஷாப் என யார் வேண்டுமானாலும் வைஃபை வைத்து, 5 ரூபாய்க்கோ 10 ரூபாய்க்கோ டேட்டா விற்கலாம். 2020 டிசம்பர் 9-ம் தேதி மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் கொடுத்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், மொபைல் டேட்டா மலிவாகக் கிடைக்கும் நாட்டில் இதில் லாபம் வருமா?

எப்படி இயங்குகிறது?

இதில் நான்கு பேர் இருக்கிறார்கள். முதலாமவர் கடைக்காரர். பி.சி.ஓ போல இவருக்குப் பெயர் பி.டி.ஓ, அதாவது பப்ளிக் டேட்டா ஆபீஸ். இவருக்கு லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். இரண்டாவது, பல பி.டி.ஓ-க்களை ஒன்றாகச் சேர்த்து லாக்-இன், கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அக்ரிகேட்டர் நிறுவனம். மூன்றாவது, பக்கத்தில் எங்கே வைஃபை இருக்கிறது என்று காட்டும் ஆப். நான்காவது, இவர்கள் எல்லோருடைய விவரங்களையும் வைத்திருக்கும் மத்தியப் பதிவேடு. அதைப் பராமரிப்பது சி-டாட்.

இந்தத் திட்டத்துக்கான விதை 2017-லேயே விழுந்துவிட்டது. அந்த ஆண்டு டிராய் நடத்திய சோதனை முயற்சியில் வைத்த யோசனை, 2 ரூபாயிலிருந்து 20 ரூபாய் வரை 'சாஷே' பேக். கடலூரில் தொடங்கிய ஷாம்பு சாஷே எப்படி பாட்டில் வாங்க முடியாதவர்களிடம் போய்ச் சேர்ந்ததோ, அதே கணக்கு.

இலக்கு எங்கே, நாம் எங்கே?

2018-ம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தகவல் தொடர்புக் கொள்கை, 2022-க்குள் 1 கோடி பொது வைஃபை ஹாட்ஸ்பாட் என்று இலக்கு வைத்தது. 2024 இறுதியில் பி.எம்-வாணியில் இருந்தவை சுமார் இரண்டரை லட்சம். கெடு முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்தும் இலக்கில் 3 சதவிகிதம்கூட இல்லை.

கூகுளே கிளம்பிப் போனது ஏன்?

இந்த பிசினஸில் பெரிய கைகள் ஏற்கெனவே இறங்கிப் பார்த்துவிட்டன. ரயில்டெல்லுடன் சேர்ந்து 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் இலவச வைஃபையைத் தொடங்கியது கூகுள். 2018 ஜூனில் 400 ரயில் நிலையங்களைத் தொட்டது. 2020 பிப்ரவரியில் 'கூகுள் ஸ்டேஷன்' திட்டத்தையே மூடுவதாக அறிவித்தது. மொபைல் டேட்டா விலை ஐந்து ஆண்டுகளில் 95 சதவிகிதம் குறைந்துவிட்டது, இந்தியர்கள் சராசரியாக மாதம் 10 ஜிபி அளவுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அது சுட்டிக்காட்டியது. இடையில் நடந்தது என்ன? 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அவ்வளவுதான். இந்தியாவில் 2017-ல் வந்த ஃபேஸ்புக்கின் 'எக்ஸ்பிரஸ் வைஃபை'க்கும் 2022-ல் மூடுவிழா நடந்தது.

ஆனால், ரயில் நிலைய வைஃபை சாகவில்லை என்பதைக் கவனிக்கணும். கூகுள் போன பிறகும் ரயில்டெல் தொடர்ந்து நடத்தியது. இன்று 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் இருக்கிறது. தினமும் முதல் அரை மணி நேரம் இலவசம், அதன்பிறகு கட்டணம். 2021-ல் கொண்டுவந்த பேக்குகளில் ஒன்று 10 ரூபாய்க்கு ஒரு நாள், 5 ஜிபி. ரயில்டெல்லுக்கு ஒரு வசதி உண்டு. தண்டவாளத்தை ஒட்டி ஏற்கெனவே சொந்த ஃபைபர் போட்டிருக்கிறது. நம்ம டீக்கடைக்காரருக்கு அது கிடையாது. முழு பிசினஸும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

உண்மையான சிக்கல் கேபிளில்!

கடைக்காரர் டேட்டாவை விற்க வேண்டுமென்றால், முதலில் அதை மொத்தமாக வாங்க வேண்டும். வீட்டு ஃபைபர் இணைப்பை எடுத்து விற்கலாம் என்றால், டெலிகாம் நிறுவனங்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. நிறுவனங்களுக்குக் கொடுக்கும் 'லீஸ்டு லைன்' எடுக்கச் சொன்னார்கள். அதன் விலை வீட்டு இணைப்பைப் போலப் பல மடங்கு.

அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டு பிளான் என்பது ஒரு குடும்பம் எவ்வளவு பயன்படுத்தும் என்று கணக்குப் போட்டு வைத்த விலை. அதே இணைப்பில் நாள் முழுக்க ஐம்பது பேர் வீடியோ பார்த்தால் நெட்வொர்க் செலவு ஏறும். தவிர, தங்கள் மொபைல் டேட்டாவுக்குப் போட்டியாகும் கடைக்குத் தாங்களே மலிவாகச் சரக்கு கொடுக்க யாருக்கு மனசு வரும்?

2024 ஆகஸ்ட்டில் டிராய் வெளியிட்ட வரைவு, வீட்டு விலையிலேயே கடைகளுக்கும் தரச் சொன்னது. நிறுவனங்கள் எதிர்த்தன. கடைசியில் 2025 ஜூனில் ஒரு நடுவழி வந்தது. 200 எம்.பி.பி.எஸ் வரையிலான எல்லா வீட்டு ஃபைபர் பிளான்களையும் பி.டி.ஓ-க்களுக்குத் தர வேண்டும், விலை வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு.

ஒரு கடையின் கணக்கு

இது ஒரு உதாரணக் கணக்குதான். வீட்டு பிளான் மாதம் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு 1,400. ஜி.எஸ்.டி 18 சதவிகிதம் சேர்த்தால் 1,652 ரூபாய். ஒரு நாள் பேக் 10 ரூபாய், அதில் அக்ரிகேட்டர் பங்கு போக கடைக்காரர் கைக்கு 7 ரூபாய் வருகிறது என்றால், மாதம் 236 பேக் விற்கணும். அதாவது, தினமும் 8 பேர். கரன்ட் பில், ரூட்டர் செலவைச் சேர்த்தால் 10 பேர் என்று வைக்கலாம். அதற்கு மேல் வருவதுதான் லாபம். 20 பேர் வாங்கினால் மாதம் சுமார் 2,000 ரூபாய் மிஞ்சும்.

இதே இணைப்பு இரண்டு மடங்குக்குப் பதில் பத்து மடங்கு விலையில் கிடைத்தால்? அசலை எடுக்கவே தினமும் 39 பேர் வேண்டும். ஒரு பெட்டிக்கடைக்கு அது நடக்காத காரியம். ஐந்து ஆண்டுகளாக இந்தத் திட்டம் ஏன் நகரவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே பெரிய காரணம்.

சரி, யார் வாங்குவார்கள்?

5ஜி பேக் போட்டுக்கொண்டு சுற்றுபவர் வாங்க மாட்டார். ஆனால், எல்லோரும் அப்படி இல்லை. 2024 இறுதியில் மொபைல் வழி பிராட்பேண்ட் இணைப்புகள் 90 கோடிக்கு மேல் இருந்தன. கேபிள் வழி இணைப்புகளோ சுமார் 4 கோடிதான். பெரும்பாலான வீடுகளுக்கு இன்டர்நெட் என்றாலே மொபைல் பேக்தான், அதன் தினசரி லிமிட்தான். 2024 ஜூலையில் கட்டணம் 10 முதல் 25 சதவிகிதம் வரை ஏறியபோது அந்தச் சுமை நேராக இவர்கள் தலையில் விழுந்தது. கூடுதலாக 1 ஜிபி போட்டாலே சுமார் 20 ரூபாய் ஆகிறது.

ஆக, வாடிக்கையாளர் யாரென்று ஓரளவு தெரிகிறது. டேட்டா தீர்ந்த பிறகும் ஆன்லைன் கிளாஸ் பாக்கி இருக்கும் மாணவர், பத்துப் பேர் தங்கும் அறையிலிருந்து ஊருக்கு வீடியோ கால் பேசும் வெளிமாநிலத் தொழிலாளி, ஆர்டருக்காகக் கடை வாசலில் காத்திருக்கும் டெலிவரி ஊழியர், சிக்னல் கிடைக்காத பேஸ்மென்ட் மார்க்கெட்டில் யு.பி.ஐ ஓட்டத் தவிக்கும் வியாபாரி. ஹாஸ்டல் தெரு, மேன்ஷன் பகுதி, பஸ் ஸ்டாண்ட், அரசு மருத்துவமனை வாசல் என மக்கள் காத்திருக்கும் இடங்களில்தான் இது ஓடும்.

இன்னொரு வருமானமும் உண்டு. வைஃபைக்காக நிற்பவர் ஒரு டீயும் சொல்வார். பல கடைகளுக்கு டேட்டா விற்ற காசைவிட இந்த டீ காசு அதிகமாக இருக்கலாம்.

கடை வைப்பவரும் கனெக்ட் செய்பவரும் கவனிக்க...

'மாதம் இவ்வளவு நிச்சயம்' என்று சொல்லி யாராவது டெபாசிட் கேட்டால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்கள் தெருவில் தினமும் பத்துப் பேர் வாங்குவார்களா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அக்ரிகேட்டரின் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பயன்படுத்துபவர்களுக்கு: பெயர் தெரியாத ஓப்பன் நெட்வொர்க்கில் பேங்க் வேலை வேண்டாம். ஓ.டி.பி லாக்-இன் என்பது நீங்கள் யார் என்று நெட்வொர்க்குக்குச் சொல்லும். நெட்வொர்க் யாருடையது என்று உங்களுக்குச் சொல்லாது.

பி.சி.ஓ பூத் ஓடியதற்குக் காரணம், வீட்டில் போன் இல்லை என்பதுதான். இன்று போன் எல்லோர் கையிலும் இருக்கிறது, டேட்டாதான் பாதி நாளில் தீர்ந்துபோகிறது. அந்த மீதி நாளை விற்பதுதான் பொது வைஃபை பிசினஸ். குடும்பத்தை ஓட்டும் வருமானமாக அது இருக்காது. கரன்ட் பில்லையும் கடை வாடகையில் ஒரு பகுதியையும் கொடுக்கும் துணை வருமானமாக இருக்கலாம். அதுவும், இரண்டு மடங்கு என்ற உச்சவரம்பு டிராய் உத்தரவோடு நின்றுவிடாமல், கடைக்காரர் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது நிஜமாகவே கிடைத்தால்தான்.