கடல் கடப்போரும் அவர் வீட்டு நாயும்

தூத்துக்குடியினின்று கடல் கடந்து செல்வது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவியதும் இத்துறைக்கும் கொழும்பிற்கும் இடையே கப்பல் விடவே யன்றோ? 2011இல் மறுபடியும் தொடங்கிய கொழும்புப் பயணிகள் கப்பல் அவ்வாண்டிலேயே நின்றுபோயிற்று. இப்பொழுது நம் பழைய மாணவர் வாகைக்குளத்தில் விமானமேறிச் சென்னை வழியாக லண்டனுக்கும் பெர்லினுக்கும் செல்கின்றனர். புறப்படுமுன் வீட்டிற்குக் குடியாள் தேடுகின்றனர். மோட்டார் சைக்கிளை விற்கின்றனர். முற்றத்தில் கிடக்கும் நாயைப் பற்றியோ பயணத்திற்கு முந்திய வாரம் வரையில் எவரும் வாய் திறப்பதில்லை.

உடன் கொண்டு செல்வோம் என்பார் பலர். விமானச் சீட்டு ஒன்று கூடுதலாக வாங்கினால் போதும் என்பது அவர் எண்ணம். ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் அங்ஙனம் எண்ணுவதில்லை. முதலில் நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்தல் வேண்டும். அதன் பின்னரே வெறிநோய்த் தடுப்பூசி. ஊசியிட்டு 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்ட சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். நோயெதிர்ப்பு அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகிற்குக் குறையலாகாது. அது தேறினாலும் இரத்தம் எடுத்த நாளினின்று 3 மாதம் காத்திருத்தல் வேண்டும். ஆக, நான்கு மாதத்திற்குக் குறைந்து நாய் அந்நாடுகளுட் புக வழியில்லை. உத்தியோகக் கடிதமோ ஒரு மாதத் தவணைதான் தருகிறது! எசமானன் முன்னே போகிறான், நாய் பின்தங்குகிறது.

முற்காலத்தில் இக்காத்திருப்பு அக்கரையில் நடந்தது. 2011 முடிய, நம் நாட்டிலிருந்து பிரிட்டனில் இறங்கிய நாய் அங்கே அரசின் அனுமதி பெற்ற கூடங்களில் ஆறு மாதம் அடைபட்டிருக்க வேண்டியிருந்தது. 2012 முதல் அவ்விதி தளர்ந்து, இரத்தச் சோதனையும் மூன்று மாதக் காத்திருப்பும் அதனிடத்தைப் பெற்றன. இதனை நன்மை என்றே யாமும் கொள்கின்றோம். ஆயினும் காத்திருப்பு இக்கரைக்கு மாறியபொழுது, காப்பாரைத் தேரும் பொறுப்பும் நம் தலைமேல் வந்தது என்பதைப் பலர் உணரவில்லை.

யாரைத் தேர்வது? நம் கடற்கரையில் இதற்கு ஓர் உவமை உண்டு. முத்துக்குளிப்பவன் கல்லைப் பற்றிக் கடலுள் இறங்குவான். தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழிருந்து கயிறு அசைந்தவுடன் மேலே இழுத்தல் வேண்டும். கண் அயர்ந்தால் உயிர் போம். 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன அத்தொழிலில் கயிறு பிடிக்க மைத்துனனையே அமர்த்துவர் என்றும், தன் உடன்பிறந்தாள் தாலியை எண்ணியேனும் அவன் கயிற்றை விடான் என்றும் இங்கே சொல்லுவர். கூலிக்குப் பிடிப்பவன் கையினும், விட்டால் தனக்கே நட்டம் என்றறிந்தவன் கையே உறுதி. நாய் விடுதிகளைக் காணுங்கால் யாம் முதலிற் கேட்பதும் இதுவே: நாய்க்கு ஒன்று நேர்ந்தால் அதனால் வருந்துவார் அங்கு எவரேனும் உளரா? குளிரூட்டிய அறையும் பளிங்குத் தரையும் இதற்கு விடையாகா.

கோவிற்பட்டிப் பக்கத்துச் சிப்பிப்பாறை, கன்னி இனங்கள் முயலைத் துரத்தி ஓடப் பிறந்தவை. அவற்றை நாள் முழுவதும் கூண்டில் அடைத்துவிட்டுச் சோறு நிறைய இடுகிறோம் என்பவரிடம் விடலாகாது. தடுப்பூசிச் சீட்டைக் கேளாமலே நம் நாயை ஏற்பவர் அடுத்த கூண்டு நாயின் சீட்டையும் கேட்டிரார். தொற்றுநோய் பரவுவது அத்தகைய இடங்களில்தான். இரவில் அங்கே உறங்குபவர் யார்? மருத்துவரை அழைக்க வேண்டின் எவரை, எவ்வளவு செலவு வரையில்? இவற்றை எழுத்தில் வாங்குவதே முறை. தடுப்பூசியின் மறுதவணை நாளைத் தடித்த எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுக. அந்நாள் தவறினால் இரத்தச் சோதனையும் வீணாகி, எல்லாம் மறுபடியும் தொடங்கும். ஊரை விட்டகலுமுன் மூன்று இரவு நாயை அங்கே விட்டு, சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். பணம் முழுவதையும் முன்னதாகக் கொடுத்துவிடுவது எமக்கு உடன்பாடன்று.

இன்னுமொன்று. எசமானன் பயணத்திற்கும் நாயின் பயணத்திற்கும் 5 நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால், மேற்சொன்ன நாடுகள் அதனை வாணிபச் சரக்கின் விதிகளுக்கு உட்படுத்துகின்றன. ஆதலின் முன்னே சென்றவர் திரும்பி வந்து அழைத்துச் செல்வதே எளிது. விடுப்பையும் வழிச்செலவையும் புறப்படுமுன்னரே கணக்கிட்டுக்கொள்ளல் நலம்.

இத்தனையும் செய்யும் எண்ணம் இல்லாதவர்தாம், "நான் வரும் வரையில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முதிய தாய் தந்தையரிடமோ அண்டை வீட்டாரிடமோ சங்கிலியைக் கொடுத்துவிட்டுப் போகின்றனர். ஆண்டு இரண்டாகிறது. சிலர் இரவில் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டுச் செல்வதும் உண்டு. பசிக்கும் தாகத்திற்கும் இரையாகுமாறு பிராணியைக் கைவிடுதல் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்; முதற்குற்றத்திற்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! சங்கிலியின் விலைகூட அதனினும் மிகும். கைவிட்டவரை உறுத்த வேண்டியது சட்டமன்று போலும். 2022இல் உக்ரைனில் போர் மூண்டபொழுது, தம் நாயின்றித் திரும்பமாட்டோம் என்று நம் நாட்டு மாணவர் சிலர் நின்றதும், அவர்க்காக நம் அரசு ஒருமுறை விதி தளர்த்தியதும் நினைக்கத்தக்கன.

எனினும், எல்லாரும் அழைத்துச் சென்றே தீரவேண்டும் என்பது எம் வாதமன்று. ஆஸ்திரேலியா நம் நாட்டிலிருந்து நேரே நாயை ஏற்பதேயில்லை. வளைகுடாவில் சிற்றறையில் நால்வராய் வாழப்போகிறவன் என் செய்வான்? அழைத்துச் செல்ல இயலாதெனத் தெரிந்தால் அதனை இப்பொழுதே சொல்லிவிடுக. 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்னாது, 'இனி உங்களுடையது' என்று மனமுவந்து ஏற்கும் ஒரு வீட்டாரிடம் கொடுத்துவிடுக. ஊரில் இருக்கும்பொழுதே ஒரு மாதம் அது இரு வீட்டிலும் மாறி மாறி உண்ணட்டும். அவர்கள் கையால் உண்ணப் பழகியபின் அதன் தட்டையும் பழைய சாக்கையும் அங்கேயே அனுப்பிவிடலாம்.